நடுங்காத கோடு

கெப்பாசிட்டரை 4.7-லிருந்து 5.6 ஆக்கிப் பார்த்தாள் வினோலியா, திரையில் சிவப்புக் கோடு இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் தோளைத் தூக்கியது, கூடாது, இது அதிகம், மறுபடி 4.7, கோடு பழைய இடத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது, ஏன் எழுப்பினாய் என்று முகம் சுளிக்காமல். இந்த மென்பொருளில் அவளுக்குப் பிடித்ததே இதுதான். எதையும் மாற்றலாம், மாற்றியதைத் திரும்ப மாற்றலாம், ஒரு காயிலைப் பாதியாக்கலாம், ரெசிஸ்டரைப் பிடுங்கி எறியலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தபிதா சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், ஐந்து மாதம் பதினொரு நாள், ஒன்று நாற்பதுக்குக் கண்மூடியவள், அங்கே எதை மாற்றினாலும் மாற்றியதுதான், பாலில் கொஞ்சம் சூடு கூடினால் கூடியதுதான், போர்வை மூக்குவரை ஏறினால் ஏறியதுதான். போர்வையை எடுத்துவிட்டோமா. எடுத்தாயிற்று. எடுத்து நாற்காலியில் போட்டது ஞாபகம் இருக்கிறது, நாற்காலியில் போட்டது இன்றைக்கா நேற்றா. இன்றைக்குத்தான், நேற்று மஞ்சள் போர்வை, இன்றைக்குப் பூப்போட்டது, பூ நாற்காலியின் முதுகில் தொங்கியதைப் பார்த்தாள். பார்த்தது பார்த்ததுதானா. எழுந்து போய் ஒருமுறை பார்த்தால் என்ன, என்னவா, கதவின் கீல் கத்தும், கீல் கத்தினால் தபிதா விழிப்பாள், விழித்தால் ஐந்து மணி வரை தோளைவிட்டு இறங்கமாட்டாள். உட்கார். கோட்டைப் பார்.

ஹாலின் நடுவே ஸ்டூல் மேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டி நின்றது, சுவரோரம் அதன் ஜோடி. கணவன் ஆல்வின் குஜராத்தில் கட்ச் போவதற்கு முந்தின வாரம் தச்சர் பட்டறையிலேயே பகல் முழுக்க நின்று அறுத்துவந்த ப்ளைவுட், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், கீழே அகலமாக வூஃபர், மேலே பட்டுத்துணிக் குமிழ்போல ட்வீட்டர். பாட்டை அப்படியே உள்ளே விட்டால் அந்தப் பட்டுக்குமிழ் ஒரு நிமிஷத்தில் கருகிவிடும், கனத்த ஓசைகளைக் கீழேயும் மெல்லியவற்றை மேலேயும் பிரித்து அனுப்ப நடுவில் ஒரு க்ராஸோவர் வேண்டும், சில காயில், சில கெப்பாசிட்டர், ஒன்றிரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான், அதற்கென்று தனியாகக் கரண்டுகூட வேண்டாம், வருகிற பாட்டிலிருந்தே தன் வேலையைச் செய்துகொள்ளும். என்ன மதிப்பில் எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. அதை நீ பார்த்துக்கோ வினோ, இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சவ நீதானே, என்று ஆல்வின் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான், உப்பு நிலத்தில் காற்றாலைகள் நிறுத்துகிற வேலை, ஒரு வருஷக் கான்ட்ராக்ட். அதே வாரம் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி, துணைக்கு வந்திருந்த அம்மாவும் நாகர்கோவிலுக்குத் திரும்பிவிட்டாள். இரண்டு மாதமாக இந்த கணபதி ஃப்ளாட்டில் வினோலியாவும் தபிதாவும் வாயிருந்தும் பேசாத இந்த இரண்டு பெட்டிகளும்.

கோயம்புத்தூரில் புழுக்கம் இல்லை என்று சொன்னவர்கள் யாரும் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கமாட்டார்கள். அளப்பதற்கு அமைதி வேண்டும், ஃபேன் கூடாது, ஃப்ரிட்ஜ் கூடாது, ஸ்டாண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மைக் பென்சில் அளவுதான், ஆனால் கீழ்த்தெருவில் ஆட்டோ திரும்புவதுகூட அதற்குத் தெரியும். பக்கத்து வீட்டு மயிலக்கா நைட்டி தைத்துக் கடைக்குப் போடுகிறவள், அவள் மெஷின் சுவர்வழியே ஓடிக்கொண்டேயிருக்கும், ஓடும் ஓடும் நிற்கும், நூல் மாற்றுகிறாள், அந்த இடைவெளிக்காக வினோலியா விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருப்பாள், நின்றதும் அழுத்துவாள், பெட்டியிலிருந்து ஒரு ஊளை கிளம்பும், அடிவயிற்றில் தொடங்கி ஏறி ஏறி விசிலாகிக் காதுக்கு எட்டாத உயரத்தில் காணாமல்போகும், எட்டு விநாடி. முதல் நாள் இந்த ஊளைக்குத் தபிதா வீல் என்றாள். மூன்றாம் நாளிலிருந்து ஊளை வராவிட்டால்தான் புரண்டு படுக்கிறாள். அம்மா தாலாட்டுப் பாடாத பிள்ளையா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. இப்போதுதான், பத்து நிமிஷம் முன்னால், ட்வீட்டரை இன்னொரு தடவை அளந்து முடித்தாள், முந்தின அளவில் குக்கர் விசில் ஒன்று புகுந்திருந்ததால். அது நல்ல அளவு. சேமித்தாகிவிட்டது.

காயில்தான் கிடைக்காமல் இருந்தது. மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போனாள், பம்புசெட் மோட்டார்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்த கடை, தபிதா மார்போடு தூளியில், இத்தனை சுற்று, இந்த கேஜ் கம்பி, உள்ளே இரும்பு வேண்டாம், பிவிசி பைப் துண்டுமேல் சுற்றிக் கொடுங்கள் என்று காகிதத்தை நீட்டினாள். கடைக்காரர் காகிதத்தையும் அவளையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். "எந்த மோட்டாருங்க இது?" "மோட்டார் இல்லைங்க, பாட்டுப் பெட்டிக்கு." "உள்ள இரும்பே இல்லாம வெறுங்காத்துல சுத்தினா அது என்னத்தைங்க இழுக்கும்?" "மேல் சத்தத்தைப் பிடிச்சு நிறுத்தும்." அவர் தலையாட்டினார், சுற்றுகிற பெரியவரிடம், "அம்மணி காத்துக்குக் காயில் கட்டறாங்களாமாங்" என்றார், அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை, கம்பியை எடுத்துக்கொண்டே, "பாப்பா அழுகுதுங்க" என்றார். தபிதா தூங்கிக்கொண்டிருந்தாள். கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த பெல்ட் ஒன்று வழுக்கி முனகியதை அவர் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு வீடுவரை அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. இன்னொருவருக்கும் அப்படிக் கேட்கிறதே, பெல்ட் முனகலில் பிள்ளை அழுவது இன்னொருவருக்கும் கேட்கிறதே. ஆனால் அவருக்கு ஒரு தடவை.

அவளுக்கு முதலில் கேட்டது குளியலறையில். தலையில் ஷாம்பு, கண்ணை மூடியிருந்தாள், தண்ணீருக்குள்ளிருந்து தபிதா அழுதாள், துண்டைக்கூடச் சரியாகச் சுற்றாமல் ஓடி வந்தால் பிள்ளை கையை விரித்துப் போட்டுத் தூங்குகிறது, முதுகில் வழிந்த தண்ணீர் அறை முழுக்கச் சொட்டியது. பிறகு மிக்ஸியில் கேட்டது. எக்ஸாஸ்ட் ஃபேனில். மாடிவீட்டுத் தண்ணீர்க்குழாயில், பிரஷர் குக்கர் மூச்சு வாங்குவதில், பிறகு எதிலும் இல்லாமல், சும்மா இருக்கிற காற்றில். இணையத்தில் தேடினால் புதுத் தாய்மார்களுக்கு வருவதுதான் என்று ஒரு பக்கம் சொன்னது, அதே பக்கத்தின் அடியில் தூக்கமின்மை, அச்சம், மருத்துவரிடம் உடனே பேசவும் என்று சொன்னது, அவள் மேல்பாதியை மட்டும் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் பார்த்தாள், ஒரு பகலில் முப்பது தடவை, கீல் கத்தி உண்மையாகவே எழுப்பிவிட்டு உண்மையாகவே அழவைத்து, அப்புறம் அவளும் அழுது. கீலுக்கு எண்ணெய் விட்டாள். எண்ணெயோடு கத்தியது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் அது தோன்றியது. மைக் இருக்கிறதே. மென்பொருளில் இன்னொரு ஜன்னல் உண்டு, இந்தக் கணத்தில் அறையிலிருக்கும் ஓசையை அப்படியே கோடாகக் காட்டுவது, பச்சைக் கோடு, ஒன்றுமே சத்தமில்லாதபோதும் தரையோடு தரையாக நடுங்கிக்கொண்டிருக்கும், கொதிப்பதற்கு முன் பாலின் மேல்தோல் மாதிரி. தபிதா அழுதால் அதில் முட்கள் எழும், நானூற்றைம்பதில் ஒன்று, தொள்ளாயிரத்தில் ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று, சீப்பின் பற்கள்போல வரிசையாக. மூடிய கதவு தாண்டியும் எழும், பார்த்துவைத்திருக்கிறாள். சீப்பு எழுந்தால் அழுகை. எழாவிட்டால் தலைக்குள். அவ்வளவு சுலபம். கேட்கும்போதெல்லாம் கண்ணைக் கோட்டுக்குத் திருப்பினாள், சீப்பு இல்லை, உட்கார்ந்தாள், சீப்பு எழுந்தது, ஓடினாள், பன்னிரண்டு நாளில் ஒருமுறைகூடக் கோடு பொய் சொல்லவில்லை. பென்சில் அளவு மைக்குக்குப் பயம் கிடையாது, தூக்கம் கெடாது, யாரையும் பெற்றிருக்கவில்லை. தன் காதை எடுத்து அந்த ஸ்டாண்டில் மாட்டியதுபோல இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். எட்டாம் வகுப்பில், கான்வென்ட் ஹாஸ்டலில், ஜசிந்தா என்று ஒருத்தி, பல் கொஞ்சம் முன்னால் நிற்கும், மாலைப் படிப்பு நேரத்தில் மாதா கெபிக்குப் பின்னாலிருந்து யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாள். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சிஸ்டர் ஜெபமாலை கொடுத்தார். நாலாம் நாள் அவள் அப்பா வந்தார், மழையில்லாத நாளில் குடையோடு, மதர் அறைக்குள் கொஞ்ச நேரம், வெளியே வந்தவர் யாரையும் பார்க்கவில்லை, வாட்ச்மேன் ட்ரங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். புத்தகத்தைப் பாருங்கள், புத்தகத்தை மட்டும், என்றார் சிஸ்டர். வினோலியா அட்லஸின் விளிம்புக்கு மேலே ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஜசிந்தாவைத் திட்டவில்லை, அதுதான், ரொம்ப மரியாதையாக, தோளைத் தொட்டு அனுப்பினார்கள். வினோலியாவையும் அப்படித்தான் அனுப்புவார்கள். அவளை இல்லை, பிள்ளையை. நாளைக்குக் காலை ரயிலில் ஷைலா மைனி வருகிறாள், ஆல்வினின் அக்கா, நாகர்கோவிலில் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், அவள் மெதுவாகப் பேசினால் தெருவுக்குக் கேட்கும். "ஆறு மாசம் பிள்ள எங்கிட்ட இருக்கட்டும் வினோ, ரெண்ட வளத்தாச்சு, மூணாவதா இது, நீ பழையபடி வேலைக்குப் போ, தூங்கு, திங்கு, மனுசியா இரு" என்றாள் போன வாரம், நல்ல எண்ணத்தில்தான், கேட்டது கேட்டதுதான், வேண்டாம் மைனி என்று சொல்லிவிடலாம். கேட்டுக்கொண்டிருக்கும்வரை அது வெறும் கேள்வி. இல்லாத அழுகை இவளுக்குக் கேட்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் கேள்வியாக இராது. நேற்று ஆல்வின் வீடியோவில், பின்னால் ஒரே வெள்ளை, உப்பா வானமா, "அக்கா வாறப்போ உள்ளதச் சொல்லு வினோ. உன்னால முடியுதா, முடியலியா, ரெண்டுல ஒண்ணு." முடியுது என்றாள். "சத்தியமா?" "சத்தியமா." சத்தியம் செய்ததற்கு இரவில் மனசாட்சியை ஆராயக் கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், படுக்கும்முன் கால்மணி நேரம், ஆராய்ந்தாள், ஆராய்ச்சிக்கு நடுவே இரண்டு தடவை அழுகை கேட்டது, எழுந்து லேப்டாப்பைத் திறந்தாள், கோடு, இல்லை.

சரி, தலைகீழ். க்ராஸோவர் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, ட்வீட்டரின் இரண்டு கம்பியையும் இடம் மாற்றிப் போடுவது, திரையிலேயே போடலாம், ஒரு பொத்தான். வூஃபரும் ட்வீட்டரும் பாதை மாறிக்கொள்கிற இடத்தில் இரண்டும் ஒரே ஓசையைத்தான் எழுப்பும், ஆனால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், ஒன்றையொன்று தின்றுவிடும், கோட்டில் அந்த இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது, கம்பியை நேராக்கிப் போட்டதும் அவ்வளவு சுத்தமாக இரண்டும் ஒரே குரலாகச் சேரும் என்று அர்த்தம். மூன்று வாரமாக அவள் பள்ளம் ஆழமில்லாமல் ஒரு பக்கம் சரிந்தே கிடந்தது. ரெசிஸ்டரை இரண்டு ஓமிலிருந்து ஒன்றரை ஆக்கினாள். காயிலில் நாலு சுற்று குறைத்தாள். பொத்தானை அழுத்தினாள். இரண்டாயிரத்து நானூறில் கோடு கிணறுபோலச் செங்குத்தாக இறங்கியது, இறங்கி, அடியைத் தொட்டு, மறுபக்கம் ஏறிவந்தது. ஆ. யாரிடமாவது காட்டவேண்டும்போல இருந்தது. ஆல்வின் இப்போது கோபுரத்தின் மேல் இருப்பான், ஃபோனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். ஒரு குரல் இன்னொரு குரலை இவ்வளவு சுத்தமாக அழிக்கிறது பார் என்று யாரிடம். திரையைப் பார்த்து உதட்டோரம் சிரித்தாள், சிரிப்பு முடியும் இடத்தில் தபிதா அழுதாள்.

கண் தானாகவே வலது மூலைக்குப் போனது. பச்சைக் கோடு தரையோடு கிடந்தது. சீப்பு இல்லை. நல்லது, என்றாள், நீதான், வா. இப்போதெல்லாம் அதை நீ என்றுதான் கூப்பிடுகிறாள், தபிதாவிலிருந்து பிரித்து, கனத்தை அந்தப் பக்கமும் மெல்லியதை இந்தப் பக்கமும் அனுப்புவதுபோல. பள்ளத்தைச் சேமித்தாள். கம்பியை நேராக்கிப் பார்த்தாள், சேர்க்கை வழவழவென்று மேசைபோல இருந்தது. அழுகை நிற்கவில்லை. முன்பெல்லாம் கோட்டைப் பார்த்ததும் அது தேய்ந்துபோகும், பொய் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைபோல நழுவிவிடும், இன்றைக்கு நழுவவில்லை, ஏறுகிறது, நடுவில் மூச்சுக்கு ஒரு இடைவெளி, அந்த இடைவெளியின் நீளம்கூடச் சரியாக. மூளை எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறது பார். இருமல் வேறு. இருமலுக்கு அப்புறம் ஒரு கமறல். மார்பில் சுரீரென்று பால் இறங்கி நைட்டியின் இடதுபக்கம் நனைந்தது, அதை நம்பக்கூடாது, உடம்புக்கு அறிவில்லை, போன வாரம் தெருவில் போன சைக்கிளின் டைனமோ முனகலுக்குக்கூட நனைந்தது, பூனை கத்தியதற்கு நனைந்தது. கால்விரல்கள் தரையை அழுத்திக்கொண்டிருந்தன, எழுந்திருக்கத் தயாராக, அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். எழுந்தால் கீல். கீல் கத்தினால் எழுப்புவாய், உன்னால்தான் அழும், உன்னால் அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாளைக்கு மைனிக்குக் கதவு திறப்பாய், கண்ணுக்குக் கீழே கறுப்போடு. கோட்டைப் பார். கோடு அசையவில்லை. எவ்வளவு அமைதியான மத்தியானம், மயிலக்காவின் மெஷின்கூட நின்றுவிட்டது, இந்த மாதிரி ஒரு அமைதி அளக்கும்போது கிடைத்திருந்தால். அழுகை இப்போது வார்த்தைபோல ஆயிற்று, அ என்றும் ம் என்றும், அவளை அம்மா என்று கூப்பிட ஐந்து மாதப் பிள்ளைக்குத் தெரியாது, ஆக இது தபிதா இல்லை, நிரூபணம், தன் தலையே தன்னைக் கூப்பிடுகிறது. கெபிக்குப் பின்னாலிருந்து. அவள் கெப்பாசிட்டரை 4.7-லிருந்து 4.3 ஆக்கினாள், காரணமில்லாமல், கை எதையாவது செய்யவேண்டியிருந்தது. 4.3. 3.9. குரல் கரகரத்தது. உட்கார், நன்றாக உட்கார்ந்திருக்கிறாய், இதற்கு முன் இவ்வளவு நேரம் நீ உட்கார்ந்ததில்லை, உன்னால் முடிகிறது, முடியுது என்று சொன்னது பொய்யில்லை.

காலிங்பெல் அடித்தது. அதற்கும் கோடு அசையவில்லை.

அதைப் பார்த்தாள். பெல் அடித்தது, காதில் அடித்தது, சுவரில் மாட்டிய டப்பா அதிர்ந்ததைக் கண் பார்த்தது, கோடு அசையவில்லை. தரையோடு கிடந்தது, நடுங்காமல். நடுங்கவேயில்லை, எவ்வளவு நேரமாக நடுங்கவில்லை, அறையில் ஈ பறந்தாலும் நடுங்கும் கோடு. ஊளை விட்டு அளக்கத் தொடங்கியதும் மென்பொருள் பச்சைக் கோட்டை நிறுத்திவிடும், நிறுத்தின கணத்தின் படத்தை அப்படியே ஜன்னலில் விட்டுவைக்கும், அளந்து முடித்ததும் மறுபடி தொடங்கும் பொத்தானை நாம்தான் அழுத்தவேண்டும், தினமும் அழுத்துவாள், இன்றைக்குக் குக்கர் விசில் புகுந்த எரிச்சலில் அழுத்தவில்லை. ட்வீட்டரை அளந்தது இரண்டு பத்துக்கு. இப்போது இரண்டு நாற்பத்தொன்று. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. கீல் கத்தியது, கத்தட்டும், தபிதா தொட்டிலுக்குள் கருஞ்சிவப்பாக, ஒரு கால் சேலை மடிப்பில் சிக்கி, கன்னத்தடியில் கக்கிய பால், வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை, அந்த ஒரு விநாடி, அப்புறம் வந்தது, கரகரப்பாக, அழகாக, சீப்பின் எல்லாப் பற்களோடும். மூக்கைத் துடைத்தாள், வாயைத் துடைத்தாள், காலை விடுவித்தாள், மடிப்பின் கோடு சதையில் சிவப்பாகப் பதிந்திருந்தது, விரல்கள் அசைந்தன, எண்ணினாள், அசைந்தன. பெல் மறுபடி அடித்தது.

மயிலக்கா கழுத்தில் அளவுநாடாவோடு நின்றாள், ஊசிகள் குத்திவைத்த முந்தானை. "ஏங்கண்ணு, பாப்பா அழுகறது கேக்கலையா? எங்கூட்டு சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. நீ குளிக்கறயோ என்னமோன்னு பாத்தேன், பாத்தேன், நிக்கவே காணம், மெஷின நிறுத்திப்போட்டு வந்தேன்."

"கேட்டுச்சுக்கா," என்றாள் வினோலியா.

மயிலக்கா அவளைப் பார்த்தாள். விழுந்துகிடந்த நாற்காலி, ஸ்டூல் மேல் பெட்டி, வியர்வையில் ஒட்டிய நைட்டி. தூங்கிட்டேன்கா என்று சொல்லியிருக்கலாம், எவ்வளவு சின்னப் பொய், யாரும் நம்புகிற பொய், நாளைக்கு மைனியிடம் மயிலக்காவே சொல்லிவிடுவாள், பாவம் அசந்து தூங்கிருச்சு என்று. ஆனால் கேட்டுச்சு என்பது வெளியே வந்துவிட்டது, வந்ததைத் திரும்ப 4.7 ஆக்க முடியாது. "கேட்டுச்சுக்கா. நெஜமா அழுகுறான்னு நெனக்கல. எனக்கு எப்பவும் கேக்குது. இவ தூங்குறப்பவும் கேக்குது. அதனால இந்த மிஷின்ல பாத்து... மிஷின் நின்னு போச்சு, நான் கவனிக்கல." அவ்வளவையும் பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தே சொன்னாள்.

மயிலக்காவுக்கு மிஷின் எது என்று புரிந்ததாகத் தெரியவில்லை, பெட்டியைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள். அப்புறம் கோபம் வந்தவள் மாதிரி, "அதையென்னத்துக்குக் கேக்கோணும்? செவுத்துல ஒரு தட்டுத் தட்டி, அக்கா உனக்குக் கேக்குதான்னு என்னையக் கேளு. கேக்குதுன்னா கேக்குதும்பேன், இல்லைன்னா இல்லைம்பேன். தைக்கறவளுக்குக் காது சும்மாதான கெடக்குது." பிள்ளையின் காலைத் தடவி, அந்தச் சிவப்புக் கோட்டை உற்றுப் பார்த்து, "இது சாய்ந்தரத்துக்குள்ள போயிரும்" என்றாள். "உங்கூட்டாளுங்களுக்குத் தெரியுமா?"

"இல்லக்கா."

"சொல்லோணும் கண்ணு." நாற்காலியைத் தூக்கி நிறுத்திவிட்டு ஃபேனைப் போட்டாள்.

அவள் போன பிறகு கதவைச் சாத்தவில்லை. தபிதா வலதுபக்கம் குடித்துக்கொண்டிருந்தாள், விக்கல் ஒன்று, குடிப்பது, விக்கல் ஒன்று. ஃபோன் மேசையில் கிடந்தது. ஆல்வின் கோபுரத்தில். அம்மாவிடம் சொன்னால் அழுவாள், அப்பாவைப் பார்த்துக்கொண்டே அழுவாள். நாளைக்கு மைனி வந்த பிறகு, சாப்பிட்ட பிறகு, நல்ல நேரம் பார்த்து. நாளைக்கென்றால் சொல்லமாட்டாள், தெரியும், நாளைக்குப் பிள்ளை சிரிக்கும், இட்லி பஞ்சாக வந்திருக்கும், எல்லாம் மேசைபோல வழவழப்பாக இருக்கும், முடியுது மைனி என்பாள், மைனி நம்பிவிடுவாள், நம்பிப் போய்விடுவாள், மறுபடி இந்த ஹால். பிள்ளையைக் கொண்டுபோகட்டும் என்பதற்கு இதுதான் காரணம். கொண்டுபோகாதீர்கள் என்பதற்கும் இதேதான். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது. பெருவிரல் மைனியின் பேரைத் தொட்டுவிட்டது, மணி அடிக்கிறது, வைத்துவிடலாம், மூன்றாவது மணிக்குள் எடுக்காவிட்டால் வைத்துவிடலாம்.

"வினோவா? என்ன பிள்ள இந்நேரம், பிள்ளைக்கு ஒண்ணுமில்லியே?" பின்னால் ஒரு மைதானமே கத்தியது. "லேய், வலைய இழுக்காத. சொல்லு பிள்ள."

"மைனி, நாளைக்கு நீங்க வாறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்."

"என்னது? கேக்கல, சத்தமா சொல்லு."

"எனக்கு அழுக சத்தம் கேக்குது."

"யாரு அழுகா?"

"பிள்ள. பிள்ள அழாதப்பவும் கேக்குது."

"ஒரு எழவும் கேக்கல, இங்க எட்டாங்கிளாஸ் கூத்தாடுது. இரு, வைக்காத."

வாயருகிலிருந்து ஃபோன் விலகியது, விசில் ஊதினாள் மைனி. நீளமாக, மூச்சு தீரும்வரை ஊதினாள், வினோலியா ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பிடிக்கவேண்டியிருந்தது, தபிதா குடிப்பதை நிறுத்திக் கண்ணை உருட்டினாள். விசில் நின்றது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அத்தனை பிள்ளைகளும் வெயிலில் அப்படியப்படியே நின்றிருக்க வேண்டும், பந்தைக் கையில் பிடித்தவன் பிடித்தபடி, தூரத்தில் பஸ் ஒன்று ஹாரன் அடிப்பதுகூடக் கேட்டது.

"இப்பச் சொல்லு," என்றாள் மைனி, அவளுக்கு இருக்கிற குரலிலேயே சின்னக் குரலில்.

வினோலியா சொன்னாள். குளியலறையை, மிக்ஸியை, கோட்டை, இன்றைக்கு அரைமணி நேரம் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை. வாக்கியங்கள் பாதியில் நின்றன, எங்கே நின்றனவோ அங்கிருந்தே மறுபடி எடுத்துச் சொன்னாள். மைனி குறுக்கே பேசவில்லை, அவள் குறுக்கே பேசாமல் இருந்து வினோலியா பார்த்ததில்லை.

"பிள்ளையக் கொண்டு போயிருவீங்களா மைனி?"

"தெரியல," என்றாள் மைனி. "ஒரு டாக்டரப் பாக்கணும், நானும் கூட வாறேன். மத்தது எனக்குத் தெரியல பிள்ள, அத அங்க வந்து உன் மொகத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன். பிள்ள இப்ப எங்க?"

"மடியில."

"குடிக்கா?"

"குடிக்கா."

"செரி. வைக்காத. நான் ட்ரெயின் ஏறுறதுக்கு இன்னும் நேரமிருக்கு." யாரிடமோ, எல்லாரும் உக்காருங்கலே, சத்தம் வந்தா தோல உரிச்சிருவேன், என்றாள், மறுபடி ஃபோனுக்கு வந்து, "மொதல்ல எப்பக் கேட்டுது, அதுல இருந்து சொல்லு" என்றாள்.

"அம்மாவ பஸ் ஏத்திவிட்டுட்டு வந்தேன் மைனி, அன்னைக்கு," என்று தொடங்கினாள் வினோலியா.